ஹலோ சாரின் நாற்காலி

அடுத்த திங்கட்கிழமை எனக்குக் கல்லூரி திறக்கிறது. அம்மா புதுப் பை வாங்கி அலமாரி மேல் வைத்துவிட்டாள். தம்பி என் மேசையின் இழுப்பறையில் இப்போதே அவன் சாமான்களைக் குடியேற்றத் தொடங்கிவிட்டான். எதிர்வீட்டுக்காரர்கூட என்னைப் பார்த்தால் "என்ன, காலேஜ் பொண்ணு" என்கிறார். எனக்கோ அந்தத் திங்கட்கிழமையை நினைத்தாலே பயமாக இருக்கிறது. படிப்பைக் கண்டு பயமில்லை. படிப்பு தொடங்கும்வரை பொழுதுபோகட்டும் என்று சேர்ந்த ஒரு தற்காலிக வேலையால் வந்த பயம் இது.

பரீட்சை முடிந்தபின் நான் வீட்டில் சும்மா கிடந்தேன். சும்மா கிடப்பதில் நான் கெட்டிக்காரி. அம்மாவின் கண்ணைத்தான் அது உறுத்தியது. ஒருநாள் சாப்பிடும்போது அப்பாவைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க பேச்சுதான் அந்த ஆபீஸ்ல நல்லா எடுபடுதே. ஒரு வார்த்தை சொல்லி இவள அங்க எங்கயாச்சும் உக்கார வைங்களேன். காலேஜ் தொறக்கற வரைக்கும் நாலு பேரோட பழகட்டும்."

அப்பாவின் கை தட்டிலேயே நின்றது. "பாக்கலாம்" என்றார்.

"பாக்கலாம் என்ன பாக்கலாம்? நீங்க இல்லேன்னா அந்த ஆபீஸே நடக்காதுன்னு நீங்கதானே சொல்றீங்க?"

வசமாக மாட்டிக்கொண்டார். அப்பா வேலை பார்த்தது லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்றின் கிளை அலுவலகத்தில். எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு என்றாலே அப்பாவின் ஆபீஸ் கதைதான் தொட்டுக்கொள்ள. "இன்னிக்கு மட்டும் நான் இல்லேன்னா ஆஸ்பத்திரி லிஃப்ட்ல ஒரு டாக்டர் இன்னும் தொங்கிட்டிருப்பாரு" என்பார். "மேனேஜர் மூஞ்சிக்கு நேராவே கேட்டுட்டேன், அப்படியே அடங்கிட்டாரு" என்பார். அவர் கொஞ்சம் அளக்கிறார் என்று எனக்கும் தம்பிக்கும் தெரியும். பாதியைக் கழித்துவிடுவோம். மீதிப் பாதியை முழுசாக நம்பினோம்.

சில நாளில் வேலை கிடைத்துவிட்டது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. சொந்தக்காரர்கள் ஒரே கிளையில் இருக்கக்கூடாது என்பது கம்பெனியின் சட்டமாம். அதனால் என்னை "எங்க தெருப் பொண்ணு" என்று சொல்லிச் சேர்த்திருந்தார்.

"அங்க நீ யாரோ, நான் யாரோ. புரியுதா? வாய் தவறி அப்பான்னு கூப்பிட்டேன்னு வை, என் சீட்டே கிழிஞ்சிடும்."

"அப்ப என்னன்னு கூப்பிடறது?"

"சார்னு கூப்பிடு. எல்லாரும் அப்படித்தான் கூப்பிடறாங்க."

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். தம்பி எழுந்து நின்று சல்யூட் அடித்துவிட்டு, "சார், தண்ணி வேணுமா சார்?" என்றான். அன்று எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது.

காலையில் இருவரும் ஒன்றாக வீட்டை விட்டுக் கிளம்புவோம், ஒரே பஸ்ஸில் ஏறுவோம். ஆபீசுக்கு ஒரு நிறுத்தம் முன்னாலேயே அப்பா இறங்கி நடந்து வருவார். சாயங்காலமும் அப்படித்தான், நான் ஆபீஸ் வாசலில் ஏறுவேன், அவர் அடுத்த நிறுத்தத்தில் வந்து ஏறுவார். ஏதோ காதலர்கள் மாதிரி என்று அம்மா கேலி செய்தாள்.

ஆபீஸ் மூன்றாவது மாடியில். லிஃப்ட் கம்பெனி இருக்கும் கட்டடத்தின் லிஃப்ட் ஓடவில்லை. "சிரமத்திற்கு வருந்துகிறோம்" என்ற அட்டை அதன் கதவில் தொங்கித் தொங்கி மஞ்சளாகிவிட்டது. மேலே நீளமான ஓர் அறை, சுவரோரம் இரும்பு அலமாரிகள், கடைசியில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் மேனேஜர். மேனேஜர் புதிதாக மாற்றலாகி வந்தவர். கையில் எப்போதும் தண்ணீர் பாட்டில், குரலை உயர்த்தாத மனிதர். அறைக்கு நடுவே கணக்குப் பார்க்கும் பெண்மணி. அவரை எல்லோரும் கணக்கு அக்கா என்றார்கள். மெக்கானிக்குகள் காலையில் வந்து உதிரிப்பாகங்களை வாங்கிக்கொண்டு போனால் அவ்வளவுதான், பிறகு அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும்.

எனக்கென்று தனி மேசை கிடையாது. அப்பாவின் மேசைக்கு எதிரே இரண்டு அட்டைப்பெட்டிகளை அடுக்கி, அதன் மேல் ஒரு பலகை போட்டு, கம்ப்யூட்டரை வைத்துக்கொடுத்தார்கள். முழங்காலை நீட்ட இடமில்லை. ஒவ்வொரு லிஃப்டுக்கும் ஒரு பழைய கார்டு உண்டு. என்றைக்கு நின்றது, யார் போனது, என்ன மாற்றியது என்று அதில் எழுதியிருக்கும். அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதுதான் என் வேலை. ஒரு கழுதைகூடச் செய்யலாம், ஆனால் அதற்குப் பொறுமை இருக்காது.

முதல் நாளே கணக்கு அக்கா என் பக்கம் நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்தார். அப்பா கைகழுவப் போயிருந்தார்.

"ஏம்மா, உன் எதிர்ல இருக்காரே, அவர் பேரு தெரியுமா? ஹலோ சார்."

"ஏன்க்கா அப்படி?"

"ரிசீவர் காதுக்கு வரதுக்கு முன்னாடியே ஹலோ சொல்லிடுவாரு, அதான். அந்தக் காலத்துல எந்த லிஃப்ட் நின்னாலும் அவருக்குத்தான் போன் வரும். யாரை எங்க அனுப்பறதுன்னு அவர்தான் பாப்பாரு. இப்ப அவனவன் செல்போன்ல பட்டனை அமுக்கறான், புகார் நேரா மெக்கானிக்குக்கே போயிடுது. வேலை போயிடுச்சு. நாற்காலி அப்படியே இருக்கு, ஆளும் அப்படியே இருக்காரு. பாவம், நல்ல மனுஷன்தான். ஒப்புக்குச் சப்பாணியா உக்காந்திருக்காரு."

நான் கார்டைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினேன். காது இரண்டும் எரிந்தன.

அக்கா பொய் சொல்லவில்லை. போன் அடிக்கவே இல்லை. அப்பா காலையில் வந்ததும் ஒரு மஞ்சள் துணியால் போனைத் துடைப்பார். பின்னால் சுவரில் இருந்த ஊர் வரைபடத்தில் குத்தியிருந்த கலர் ஊசிகளைப் பிடுங்கித் திரும்ப அதே இடத்தில் குத்துவார். இழுப்பறையைத் திறப்பார், மூடுவார். வீட்டில் சோபாவில் காலை நீட்டிக் கிடப்பதுதான் சும்மா இருப்பது என்று நினைத்திருந்தேன். சும்மா இருப்பது வெளியே தெரியாதபடி காலையிலிருந்து சாயங்காலம் வரை சும்மா இருப்பதைப் போல ஒரு களைப்பான வேலை உலகத்தில் இருக்க முடியாது. மதியத்துக்குள் அவர் முகம் வெளிறிவிடும்.

அந்த முதல் வாரத்தில்தான் மேனேஜர் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு எங்கள் பக்கம் வந்தார். அப்பாவின் கை சட்டென்று ரிசீவரை எடுத்தது.

"ஹலோ... ஆமாங்க. எத்தனாவது மாடிங்க? கதவு மூட மாட்டேங்குதா? சரிங்க, பதறாதீங்க, இப்பவே ஆள் அனுப்பறேன்."

மணி அடிக்கவில்லை. அதுகூடப் பரவாயில்லை, மேனேஜர் கவனித்திருக்க மாட்டார். ஆனால் நான் மேசைக்கு எதிரே ஒரு கை தூரத்தில் இருந்தேன். யாரும் பேசாத போனில் வரும் அந்த 'ங்ங்ங்' என்ற சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. அதற்குத்தான் அப்பா பதில் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் நிறுத்தி, அதன் மறுமொழியையும் கேட்டுக்கொண்டார்.

எனக்கு முதலில் வந்தது கோபம். இரக்கமெல்லாம் பிறகுதான். இதற்கா இத்தனை வருஷம் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து வாயைப் பிளந்து கதை கேட்டோம் என்று ஆத்திரமாக வந்தது. அன்று இரவு அப்பா வழக்கம்போல ஆரம்பித்தார். "இன்னிக்குக் காதுலேர்ந்து போனை எடுக்க முடியல. வேணும்னா இவளையே கேளு."

அம்மா என்னைப் பார்த்தாள். தம்பியும் பார்த்தான். "ஆமாம்மா" என்றேன்.

போன் அடித்தால் அது பெரும்பாலும் அம்மாதான். வேலை நேரத்தில் அப்பா செல்போனை எடுக்க மாட்டார், அதனால் அவள் ஆபீஸ் எண்ணுக்கே கூப்பிடுவாள். "வாஷிங் மெஷின்ல தண்ணி எறங்க மாட்டேங்குது, வர வழியில அந்தாளப் பாத்து வரச் சொல்லுங்க" என்று அவள் குரல் கத்தும். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, அறை முழுக்கக் கேட்கும்படி, "அப்படிங்களா மேடம்? நடுவுலயே நிக்குதுங்களா? உள்ள யாரும் இல்லையே? கண்டிப்பா ஆள் அனுப்பறேங்க மேடம்" என்பார். சாயங்காலம் அம்மா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். "கல்யாணமான நாள்லேர்ந்து என்னை ஒரு நாள் மரியாதையா கூப்பிட்டதில்ல. ஆபீஸ்ல இருந்தா மட்டும் மேடம்!" எத்தனை வேலைக்கு நடுவிலும் தன்னிடம் விளையாடுகிறார் என்று அவளுக்குப் பெருமை.

ஒருநாள் கணக்கு அக்கா குரலைத் தாழ்த்தி ஒரு சேதி சொன்னார். தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்திருக்கிறதாம், இந்தக் கிளையில் ஓர் ஆளைக் குறைக்க வேண்டுமாம்.

"யாருக்கா?"

"இதுல கேள்வி வேறயா? ஈ ஓட்டற மேசைதான் முதல்ல கண்ணுல படும்." தாடையால் எதிர்மேசையைக் காட்டினார். "புது மேனேஜர் ஒவ்வொருத்தரா கூப்பிட்டு விசாரிச்சிட்டுதான் முடிவு பண்ணுவாராம். இந்த வயசுல அவரை இனிமே யார் வேலைக்கு எடுப்பா, சொல்லு."

அப்பாவுக்கு இது தெரியுமா தெரியாதா என்று கேட்கவும் துணிச்சல் இல்லை. கேட்டால், அவர் சும்மா இருப்பது எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். அது அவரை வேலையை விட்டு அனுப்புவதைவிட மோசம் என்று அப்போது நினைத்தேன்.

அதனால் என் மூளைக்கு எட்டிய ஒரு வேலை செய்தேன். மறுநாள் ஒரு கார்டை நீட்டி, "சார், இந்தக் கையெழுத்து புரியல. கொஞ்சம் படிச்சுச் சொல்றீங்களா?" என்றேன். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்துச் சொன்னார். அடுத்து இன்னொன்று. அதற்கடுத்து ஒரு கட்டு. இரண்டாம் நாளே அவராக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "நீ டைப் பண்ணும்மா, நான் படிக்கறேன். சீக்கிரம் முடியும்" என்றார்.

முடியவும் முடிந்தது. அவர் படிக்க, நான் தட்ட, கட்டுக் கட்டாகக் கார்டுகள் இறங்கின. "நாலாவது மாடி, பட்டன் வேலை செய்யல. போய்ப் பாத்தா பபிள்கம் ஒட்டியிருக்கு" என்று ஒன்றைப் படித்துவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் கணக்கு அக்காவே திரும்பிப் பார்த்தார். மேனேஜர் வந்தாலும் அப்பா போனை எடுக்க மறந்துபோனார். ஆனால் அந்த நேரத்தில் பார்த்து மேனேஜர் வந்தது குறைவு. வீட்டில்கூட அப்பா அளப்பது குறைந்தது. சாப்பிட்டதும் படுத்து நன்றாகத் தூங்கினார். இந்த வேலையில் எனக்குக் கிடைத்த சந்தோஷம் மொத்தமும் அந்தக் கொஞ்ச நாள்தான். நான் பெரிய சாமர்த்தியசாலி என்று எனக்குள்ளேயே பீற்றிக்கொண்டேன்.

பிறகு மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"உக்காரும்மா. நீ வெளியாளு. கொஞ்ச நாள்ல போகப்போற பொண்ணு. அதனால உள்ளதைச் சொல்லுவேன்னு கேக்கறேன். உன் எதிர்ல இருக்கறவர் நாள் முழுக்க என்ன பண்றாரு?"

இதற்காகத்தானே காத்திருந்தேன். "அவர் இல்லேன்னா இந்தக் கார்டு வேலையே நடக்காது சார். பழைய கையெழுத்தெல்லாம் அவர்தான் படிச்சுச் சொல்றாரு. பாதிக்கு மேல அவரோட உழைப்பு. என்னால தனியா முடியாது சார்."

"அப்படியா? நான் பாக்கறப்ப எல்லாம் போன்லதானே இருக்காரு?"

"ரெண்டையும் பாக்கறாரு சார்."

அவர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தார். நம்பினார் என்றே தோன்றியது. "சரி, அவரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கறேன். வரச் சொல்லு" என்றார்.

வெளியே வந்தேன். கணக்கு அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு மெக்கானிக் வேறு நின்றிருந்தான். அப்பாவின் காதருகே குனிந்து, 'கார்டு வேலை செய்றேன்னு சொல்லுங்கப்பா' என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். தெருப் பொண்ணு ஒருத்தி சாரின் காதில் கிசுகிசுக்க முடியுமா?

"சார், உங்களைக் கூப்பிடறாரு" என்றேன்.

கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா கைகட்டி நின்றார். மேனேஜர் ஏதோ கேட்டார். அப்பா வேகமாகத் தலையை ஆட்டி மறுத்தார். பிறகு கட்டிய கையை அவிழ்த்து, நெஞ்சை நிமிர்த்தி, என் மேசைப் பக்கம் கையைக் காட்டிக் காட்டிப் பேசினார். அவரை அப்படி ஒரு மேனேஜர் முன்னால் நான் பார்த்ததே இல்லை. வெளியே வந்தபோது முகம் ஜொலித்தது. யாரும் பார்க்காத நேரம் பார்த்து எனக்குக் கண்ணடித்தார். அந்த ஆபீசுக்குள் அவர் எனக்கு அப்பாவாக இருந்தது அந்த ஒரு தடவைதான்.

சாயங்காலம் அடுத்த நிறுத்தத்தில் ஏறியவர் நேராக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உனக்காக ஒரு போடு போட்டு வெச்சிருக்கேன் பாரு."

"என்னப்பா கேட்டாரு?"

"அந்தப் பொண்ணோட வேலையில பாதிய நீங்கதான் செய்றீங்களாமே, நிஜமான்னு கேட்டாரு. எனக்குப் பொறி தட்டிடுச்சு. யாரோ உன்னைப் போட்டுக் குடுத்திருக்காங்க. உன் வேலையை என் தலையில கட்டறேன்னு சொல்லி உன்னை நிறுத்தப் பாக்கறாங்க. விடுவேனா? மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டேன். 'சார், நான் ஒரு கார்டைக்கூடத் தொட்டதில்ல. எல்லாம் அந்தப் பொண்ணு தனியா செஞ்சது. அவளுக்கு யாரோட ஒத்தாசையும் வேண்டாம்'னேன். அப்படியே அசந்துட்டாரு."

அத்தனை வருஷம் அவர் அளந்த கதைகளில் இது ஒன்றுதான் நிஜமாகவே நடந்தது. நிஜமாகவே ஒரு மேனேஜரின் முகத்துக்கு நேராகப் பேசியிருக்கிறார், எனக்காக. பேசித் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். அவர் என் பாராட்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

"நான்தான்ப்பா சொன்னேன்."

"என்ன சொன்னே?"

"நீங்க பாதி வேலை செய்றீங்கன்னு. ஒரு ஆளைக் குறைக்கப் போறாங்க. உங்களைக் கேட்டாரு. அதனால சொன்னேன்."

பஸ் ஒரு சிக்னலில் நின்றது, கிளம்பியது, அடுத்த சிக்னலிலும் நின்றது.

"நாளைக்குப் போய் உண்மையைச் சொல்லிடலாம்ப்பா."

"எந்த உண்மையை? நீ என் பொண்ணுங்கறதையா? அப்புறம் நீ சொன்னதும் செல்லாது, நான் சொன்னதும் செல்லாது. பொய் சொல்லி உன்னைச் சேத்ததுக்கு வேற தனியா மாட்டுவேன்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அவரு என்னைத்தான் நம்புவாரு. தன்கிட்ட இல்லாத குறையை எவனாச்சும் தானே சொல்லிக்குவானா?"

கொஞ்ச தூரம் போனபின் அவரே கேட்டார். "நான் சும்மாதான் இருக்கேன்னு உனக்கு எப்ப தெரியும்?"

"முதல் வாரமே."

"போனும்?"

"கேட்டுச்சுப்பா."

தலையை ஆட்டிக்கொண்டார். "அந்தச் சத்தம் வெளிய கேக்காதுன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றார்.

அவர் சொன்னபடியே நடந்தது. மேனேஜர் அவரைக் கூப்பிட்டு, நாற்காலியில் உட்காரவைத்து, குரலை உயர்த்தாமல் சொல்லி முடித்தார். கடைசி நாளன்று டீ வரவழைத்தார்கள். கணக்கு அக்கா "இனிமே நல்லா ரெஸ்ட் எடுங்க ஹலோ சார்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பா ஒவ்வொருவரிடமாக விடைபெற்றுக்கொண்டு என்னிடம் வந்தார். கையை நீட்டினார். நானும் நீட்டினேன். "நல்லா படிங்கம்மா" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். 'படிங்க' என்று என்னிடம் அவர் மரியாதையாகச் சொன்னது நெஞ்சில் குத்தியது. கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

"நீ அந்த மேசைக்கே போயிடும்மா, எதுக்கு இந்தப் பெட்டி மேல கஷ்டப்படறே?" என்றார் மேனேஜர். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம், யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை. அப்பாவின் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். அவர் உடம்பு பதிந்த குழியை நான் பாதிகூட நிரப்பவில்லை. இழுப்பறையில் ஒரு சீப்பும் கலர் ஊசிகளும் மஞ்சள் துணியும் இருந்தன.

"அம்மாகிட்ட இப்ப வேண்டாம்" என்றார் அப்பா. "நீ காலேஜ் சேர்ற சந்தோஷத்துல இருக்கா. வேற எங்கயாச்சும் ஒரு இடம் பாத்துட்டு நானே சொல்றேன்."

அதனால் இப்போதும் தினமும் காலையில் அயர்ன் பண்ணிய சட்டையைப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டு டப்பாவுடன் என்கூடக் கிளம்புகிறார். வழக்கம்போல ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிக்கொள்கிறார். பஸ் திரும்பும்வரை பார்க்கிறேன், நிழற்குடையிலேயே நின்றுகொண்டிருக்கிறார். அதன் பிறகு எங்கே போகிறார் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் வாய் வரவில்லை. சாயங்காலம் அதே இடத்தில் ஏறி, "இன்னிக்கு ஆபீஸ்ல என்ன நடந்துச்சு?" என்று கேட்கிறார். யார் வந்தது, மேனேஜர் என்ன சொன்னார், எந்த லிஃப்ட் நின்றது என்று ஒன்றுவிடாமல் சொல்கிறேன். இரவு தட்டுக்கு முன்னால் அதெல்லாம் கதையாக வருகிறது. முன்னைவிட இப்போது நன்றாகவே சொல்கிறார். அம்மா கன்னத்தில் கைவைத்துக் கேட்கிறாள்.

இதற்கிடையில் அம்மா ஆபீஸ் எண்ணுக்கு ஓரிரு தடவை கூப்பிட்டாள். அப்பா மேனேஜர் அறையில் இருக்கிறார், வெளியே போயிருக்கிறார் என்று பூசி மெழுகினேன். நான் அங்கே இருக்கும்வரை அந்தப் போனை நான்தானே எடுக்கப்போகிறேன். அந்தத் தைரியத்தில்தான் நாட்களை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

இன்று மதியமும் மணி அடித்தது. ரிசீவர் காதுக்கு வருவதற்கு முன்பே "ஹலோ" என்றுவிட்டேன். கணக்கு அக்கா சிரித்தார். "ஆள் போயும் ஹலோ போகல பாரு."

"நீயா? எங்கே உங்கப்பா?" அம்மாவின் குரல்.

"மீட்டிங்ல இருக்காரும்மா" என்று மெதுவாகச் சொன்னேன்.

"நல்லதாப் போச்சு, உன்கிட்டதான் சொல்லணும். திங்கக்கிழமை உன்னைக் காலேஜ்ல விட்டுட்டு, நானும் தம்பியும் அப்படியே ஆபீசுக்குப் போய் அப்பாவைப் பாத்துட்டு வரலாம்னு இருக்கோம். இத்தனை வருஷத்துல அந்த நாற்காலில அவர் உக்காந்து பேசறதை ஒரு தடவைகூடப் பாத்ததில்லடி. நீதான் இனிமே அங்க இருக்க மாட்டியே, யாருக்குத் தெரிஞ்சா என்ன? மூச்சு விடாதே அவர்கிட்ட. திடீர்னு போய் நிக்கணும், அவர் முகத்தைப் பாக்கணும்."

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். கண்ணாடிக் கதவு திறந்தது. மேனேஜர் பாட்டிலோடு எங்கள் பக்கம் வந்து, என் மேசைக்குப் பக்கத்தில் நின்று சுவர்ப்படத்தைப் பார்த்தார்.

"என்னடி, சத்தத்தையே காணோம்?"

"இல்லைங்க மேடம்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கும்படி பெரிதாக வந்தது. "இப்ப வர வேண்டாங்க மேடம். எந்த மாடியில நிக்குதுன்னு மட்டும் சொல்லுங்க."

மறுமுனையில் அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். "அப்படியே உங்கப்பா! சரி சரி, வேலையைப் பாரு. திங்கக்கிழமை, மறந்துடாதே" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

'ங்ங்ங்' என்று சத்தம் வந்தது. மேனேஜர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். ரிசீவரை வைக்க எனக்குக் கை வரவில்லை. "பதறாதீங்க மேடம்" என்றேன் அந்தச் சத்தத்திடம். "உள்ள யாரும் மாட்டிக்கலையே? சரிங்க. கண்டிப்பா ஆள் அனுப்பறோங்க." எதிரே என் பழைய பலகைக்குப் பின்னால் யாரும் இல்லை. மேனேஜர் தலையை ஆட்டிவிட்டுத் தன் அறைக்குத் திரும்பிப் போனார்.